போலந்தின் வளர்ச்சி யார் கணக்கில் வரவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலந்தின் பொருளாதாரம் ஒரு லட்சம் கோடி டாலரைத் தொட்டதைப் பாராட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1989 ஜூலை வரை இறைச்சிக்கு ரேஷன் அட்டை வைத்திருந்த நாடு அது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அதன் தலா வருமானம் ஒன்றியச் சராசரியில் ஏறக்குறையப் பாதி. இன்று முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது. 2009இல் ஒன்றிய நாடுகள் எல்லாம் சரிந்தபோது வளர்ந்த ஒரே நாடும் அதுதான். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ‘போலந்து மக்கள் முன்னேறிவிட்டார்கள்’ என்று கட்டுரை முடிந்துவிட்டதே, அங்கேதான் எனக்குக் குறை. எந்த மக்கள், எவ்வளவு, எந்த வழியாக? இதைத் தெரிந்துகொள்ள வீட்டுப் பத்திரத்தையும் சம்பளச் சீட்டையும் பஸ் கால அட்டவணையையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1990 ஜனவரி 1 அன்று நிதியமைச்சர் லெஷெக் பால்ட்செரோவிச்சின் திட்டம் அமலுக்கு வந்தது. விலைக் கட்டுப்பாடு நீங்கியது, மானியங்கள் வெட்டப்பட்டன, ஒரு டாலருக்கு 9,500 பழைய ஸ்லாட்டி (போலந்தின் நாணயம்) என்று மாற்று விகிதம் கட்டப்பட்டது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் விலைவாசி ஏறக்குறைய 80 சதவீதம் ஏறியது. சம்பளம் அதே வேகத்தில் ஏறிவிடாமல் இருக்கத் தனியாக ஒரு வரி போட்டார்கள். ஜனவரியில் விலை ஏறிய அளவில் 30 சதவீதம் வரைதான் ஒரு நிறுவனம் மொத்தச் சம்பளத்தை உயர்த்தலாம். அதற்கு மேல் போனால், மிகுதித் தொகையைப் போல 2 மடங்கு முதல் 5 மடங்கு வரை அரசுக்கு வரி கட்ட வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: விலை 80 ஏறினால் சம்பளம் 24தான் ஏறலாம். அடுத்த மாதம் அந்த 30 சதவீதத்தையும் 20ஆகக் குறைத்தார்கள். பணவீக்கம் அடங்கியது, காலி அலமாரிகள் நிரம்பின, கடைவாசல் வரிசைகள் மறைந்தன. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மருந்தின் விலையை முதலில் கட்டியது மாதச் சம்பளக்காரர்தான். அரசு நடத்தியவர்களும் இதை ஒளிக்கவில்லை. பணவீக்கத்தை நிறுத்த வேறு வழியில்லை என்றே வாதிட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடுமையான சீர்திருத்தம்தான் போலந்தைத் தூக்கியது என்று பேசுபவர்கள் கடன் தள்ளுபடியை விட்டுவிடுகிறார்கள். 1991 ஏப்ரலில் கடன் கொடுத்த அரசுகளின் பாரிஸ் கிளப், போலந்தின் கடனில் பாதியைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டது. மூன்று ஆண்டு கழித்துத் தனியார் வங்கிகளும் இறங்கிவந்தன. இந்தச் சலுகை எல்லா ஏழை நாட்டுக்கும் கிடைப்பதில்லை. ‘போலந்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று மற்ற நாடுகளுக்கு அறிவுரை சொல்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடி வாங்கியவர்களில் எல்லோருக்கும் ஒரே அளவு அடி விழவில்லை. சைலீசியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பலமான சங்கம் இருந்தது. 1998ஆம் ஆண்டுச் சுரங்கச் சீரமைப்பில் வேலையை விட்டவர்களுக்கு மொத்தத் தொகையோ ஓய்வு வயது வரை விடுப்பூதியமோ கிடைத்தது. லோட்ஸ் நகரத்தின் பஞ்சாலைகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சோவியத் சந்தை போனதும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. சுரங்கக்காரர்களுக்குக் கிடைத்தது போன்ற ஏற்பாடு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. செங்கல்லால் கட்டிய பழைய பஞ்சாலை ஒன்று 2006இல் பெரிய வணிக வளாகமாகத் திறக்கப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் இடம் அது. தென்மேற்கில் வவ்ப்ஷிக் என்ற சுரங்க நகரம். தொண்ணூறுகளில் அங்கே சுரங்கங்கள் எல்லாம் மூடப்பட்டபோது, வேலை போனவர்கள் நிலத்தில் கையால் குழி தோண்டி, மேலாக ஓடும் கரிப் படிவத்தைச் சுரண்டி, சாக்கில் கட்டி விற்றார்கள். மண் சரிந்து செத்தவர்களும் உண்டு. ‘ஏழைக் குழிகள்’ என்றே அதற்குப் பெயர். பிறகு அதே நகரத்தில் வரிச் சலுகை மண்டலம் வந்தது, டொயோட்டாவின் கியர் பெட்டி ஆலை வந்தது, வேலைகளும் வந்தன. ஆனால் ஐம்பது வயதில் சுரங்கத்திலிருந்து வெளியே வந்தவருக்கு அந்த ஆலையில் இடம் இல்லை.

எல்லோரையும்விட மோசமாக விடப்பட்டவர்கள் அரசுப் பண்ணைத் தொழிலாளர்கள் என்பது என் கருத்து. போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியிலும் விளைநிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் தனியார் குடும்பங்கள் கையில்தான் இருந்தது. மீதியில் பெரும்பங்கு அரசுப் பண்ணைகள். ‘பெகெயேர்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வடக்கிலும் மேற்கிலும் அவை அதிகம். 1991 அக்டோபரில் வந்த ஒரே சட்டத்தால் அவை கலைக்கப்பட்டன. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலையில் இருந்தார்கள். சம்பளம் மட்டுமல்ல, வீடு, வெந்நீர்க் கொதிகலன், குழந்தைகள் காப்பகம், ஊருக்குப் போகும் வண்டி எல்லாம் பண்ணையைச் சேர்ந்தவை. பண்ணை போனதும் எல்லாமே நின்றன. நிலம் அரசு முகமைக்குப் போய், அங்கிருந்து பெரும்பெரும் துண்டுகளாகக் குத்தகைக்கும் விற்பனைக்கும் வந்தது. உழுதவருக்குக் கிடைத்தது வயல் நடுவே நிற்கும் மூன்று மாடிக் குடியிருப்பில் தான் இருந்த வீடு மட்டும்தான். அதை மலிவாகக் கொடுத்தார்கள். அது பெரிய உதவிபோலத் தெரியும். ஆனால் வேலையில்லாத ஊரில் உள்ள வீட்டை வாங்க ஆள் இல்லை, விற்க முடியாத வீட்டை விட்டு நகரத்துக்குப் போகவும் முடியாது. வீடே கால்கட்டாகிவிட்டது.

2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விவசாய நேரடி மானியம் வந்தபோது இந்தத் தவறு இன்னும் ஆழமாகப் பதிந்தது. மானியம் ஹெக்டேர் கணக்கில் வருகிறது. 10 ஹெக்டேர் குடும்பத்துக்கு ஒரு பங்கு என்றால், பழைய பண்ணை நிலத்தில் 500 ஹெக்டேர் குத்தகை எடுத்தவருக்கு 50 பங்கு. அந்த நிலத்தில் இருபது வருடம் டிராக்டர் ஓட்டியவருக்குப் பூஜ்யம். முதல் 30 ஹெக்டேருக்குக் கூடுதல் தொகை என்ற திருத்தம் பிற்பாடு வந்தது. அதுவும் நிலம் வைத்திருப்பவருக்குத்தான்.

ரஷ்யாவோடு ஒப்பிட்டால் போலந்து எவ்வளவோ மேல் என்று கட்டுரையாளர் சொல்லியிருப்பது சரியே. 1995இல் ரஷ்யாவில் கடனுக்கு ஈடாக எண்ணெய், நிக்கல் நிறுவனங்களின் பங்குகள் ஒரு சிலர் கைக்குப் போனது போல போலந்தில் நடக்கவில்லை. காரணம், தனியார்மயம் மெதுவாக நடந்தது. சிறு, நடுத்தர நிறுவனங்கள் பலவற்றை ஊழியர்களே குத்தகைக்கு எடுத்து, தவணை கட்டி வாங்கினார்கள். பெரிய நிறுவனங்கள் விற்கப்பட்டபோது ஊழியர்களுக்கு 15 சதவீதப் பங்கு இலவசம் என்று சட்டம் இருந்தது. எண்ணெய், தாமிரம், காப்பீடு, மிகப் பெரிய வங்கி ஆகியவற்றில் இன்றும் அரசுக்கே ஆதிக்கப் பங்கு உள்ளது. வார்சா பங்குச் சந்தை 1991 ஏப்ரலில் பழைய கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையகக் கட்டடத்தில் திறந்தது. முதல் நாளில் ஐந்தே நிறுவனங்கள்.

பொதுமக்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்க ஒரு முயற்சியும் நடந்தது. 1995இல் 512 அரசு நிறுவனங்களை 15 முதலீட்டு நிதியங்களில் போட்டு, வயது வந்த ஒவ்வொருவருக்கும் 20 ஸ்லாட்டி கட்டணத்தில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் வாங்கினார்கள். பிறகு நடந்ததுதான் முக்கியம். சான்றிதழை அப்படியே விற்கலாம் என்று விதி இருந்ததால், தெருமுனைப் பணமாற்றுக் கடைகளில் அது கைமாறத் தொடங்கியது. கைச்செலவுக்கு வேண்டியவர்கள் விற்றார்கள், மொத்தமாக வாங்க முடிந்தவர்கள் சேர்த்துவைத்தார்கள். நிதியங்களை நடத்திய மேலாண்மை நிறுவனங்கள், கையில் இருந்த ஆலைகள் ஓடினாலும் மூடினாலும் ஆண்டுக் கட்டணத்தை எடுத்துக்கொண்டன. எல்லோருக்கும் சமமாகக் கொடுத்த பங்கு சில ஆண்டுகளில் சமமில்லாமல் போனதற்கு அந்த ஒரு விதியே போதும்.

உண்மையில் சாதாரணக் குடும்பங்களுக்கு வந்த மிகப் பெரிய சொத்து வீடுதான். நகராட்சி தன் வாடகைக் குடியிருப்புகளைக் குடியிருந்தவர்களுக்கே, சில ஊர்களில் 90 சதவீதம் வரை தள்ளுபடியில் விற்றது. 2007ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் கூட்டுறவுச் சங்க வீடுகள் சில ஸ்லாட்டிக்கே உரிமையாளர் பெயருக்கு மாறின. அந்தச் சமயத்தில் வார்சாவிலோ கிராக்கோவிலோ ஐம்பது சதுர மீட்டர் வீட்டில் பெயர் இருந்தவருக்கு அதிர்ஷ்டம். சின்ன ஊரில் பெயர் இருந்தவருக்குத் தலைக்கு மேல் கூரை, அவ்வளவுதான். எங்கேயும் பெயர் இல்லாத இளைஞருக்கு முப்பது வருட வங்கிக் கடன்.

வரிவிதியும் இந்த வேறுபாட்டைக் காத்துநிற்கிறது. போலந்தில் வீட்டு வரி மதிப்பின் மேல் இல்லை, பரப்பின் மேல். 2025இல் குடியிருப்புக்கு அதிகபட்ச விகிதம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 1.19 ஸ்லாட்டி. வார்சாவின் நடுவில் உள்ள ஐம்பது சதுர மீட்டர் வீட்டுக்கு வருட வரி அதிகபட்சம் 59.50 ஸ்லாட்டி. ஆள் தெரியாத ஊரின் வீட்டுக்கும் அதே உச்ச வரம்புதான். ஒரு வீடு வைத்திருப்பவருக்கும் பத்து வீடு வைத்திருப்பவருக்கும் விகிதம் ஒன்றே. வாடகை வருமானத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ஸ்லாட்டி வரை 8.5 சதவீத வரி, அதற்கு மேல் 12.5. பெற்றோர் சொத்து பிள்ளைக்கு வந்தால், ஆறு மாதத்துக்குள் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டால் வரியே கிடையாது. 1990இல் சரியான ஊரில் குடியிருந்ததன் பலன் இப்படித் தலைமுறை தாண்டிப் போகிறது.

கடன் வாங்கி வீடு வாங்கியவர்களின் கதை வேறு. 2005 முதல் 2008 வரை வங்கிகள் சுவிஸ் ஃபிராங்க் கணக்கில் வீட்டுக் கடன் கொடுத்தன. வட்டி குறைவு என்பதால் ஸ்லாட்டிக் கடன் வாங்கத் தகுதி இல்லாதவர்களுக்கும் ஃபிராங்க் கடன் கிடைத்தது. 2008 கோடையில் ஒரு ஃபிராங்க் ஏறக்குறைய 2 ஸ்லாட்டி. 3 லட்சம் ஸ்லாட்டி கடன் வாங்கியவர் பேரில் 1,50,000 ஃபிராங்க் பற்று எழுதினார்கள். அவர் ஒழுங்காகத் தவணை கட்டி அசலை 1,30,000 ஃபிராங்குக்குக் குறைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி தன் நாணயத்துக்கு வைத்திருந்த உச்ச வரம்பைக் கைவிட்டது. ஃபிராங்க் 4 ஸ்லாட்டியைத் தாண்டியது. 1,30,000ஐ 4ஆல் பெருக்கினால் 5,20,000 ஸ்லாட்டி. ஆறரை வருடம் தவணை கட்டியபின் பாக்கி, வாங்கிய கடனைவிட 2,20,000 அதிகம்.

கடன் வாங்கியவர் பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்று அப்போது பலர் எழுதினார்கள். ஒப்பந்தத்தை வாசித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. கடனைக் கொடுக்கும்போது வங்கி தன் சொந்த அட்டவணையின் வாங்கும் விலையில் கணக்கிட்டது. தவணை வாங்கும்போது அதே அட்டவணையின் விற்கும் விலையில் கணக்கிட்டது. அட்டவணையைத் தினமும் எழுதுவதும் வங்கியே. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில், நியாயமற்ற இத்தகைய ஷரத்தை நீக்கினால் ஒப்பந்தமே செல்லாமல் போகலாம் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூனில், ரத்தான ஒப்பந்தத்துக்கு அசலுக்கு மேல் ‘பணத்தைப் பயன்படுத்தியதற்கான கட்டணம்’ என்று வங்கி கேட்க முடியாது என்றும் சொன்னது. அதன்பின் வழக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் வென்றார்கள். வக்கீல் கட்டணத்துக்குப் பணமும் சில வருடம் காத்திருக்கத் தெம்பும் இருந்தவர்கள் முதலில் மீண்டார்கள்.

இனி சம்பளச் சீட்டுக்கு வருவோம். போலந்தின் வளர்ச்சியில் யாருக்குப் பங்கு என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. 2025ஆம் ஆண்டுக் கணக்கு: குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,666 ஸ்லாட்டி. தொழிலாளியிடம் ஓய்வூதியத்துக்கு 9.76, ஊனக் காப்பீட்டுக்கு 1.5, நோய்க் காப்பீட்டுக்கு 2.45 சதவீதம் பிடிக்கிறார்கள். மொத்தம் 639.71. மீதியில் 9 சதவீதம் மருத்துவக் காப்பீடு, 362.37. வருமான வரி 153. கைக்கு வருவது 3,510.92. இவற்றுக்கு மேல் முதலாளி தன் பங்காக 20.48 சதவீதம் கட்ட வேண்டும். ஆக அவருக்கு ஆகும் மொத்தச் செலவு 5,621.60. செலவுக்கும் கைக்கு வருவதற்கும் இடையே விழும் பள்ளம் மொத்தச் செலவில் 37.5 சதவீதம்.

அதே நகரத்தில் ஒரு மென்பொருள் வல்லுநர் தன்னைச் சிறுதொழில் என்று பதிவு செய்துகொண்டு, ஒரே நிறுவனத்துக்கு மாதம் 25,000 ஸ்லாட்டி பில் போடுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சமூகக் காப்பீடு அவருக்கு வருமானத்தைப் பொறுத்ததல்ல, நிலையான தொகை: 2025இல் மாதம் 1,773.96. ஒரே சீரான 19 சதவீத வரியைத் தேர்ந்தால், மருத்துவக் காப்பீடு 4.9 சதவீதம். செலவு எதையும் கழிக்காமல் போட்டாலும் எல்லாம் சேர்ந்து 28.5 சதவீதத்தைத் தாண்டாது. மொத்த வருவாய்க்கு 12 சதவீதம் என்ற இன்னொரு முறையைத் தேர்ந்தால் 21ஐ ஒட்டி நிற்கும். ஐந்து மடங்கு சம்பாதிப்பவர், கிடங்கில் பெட்டி தூக்குபவரைவிடக் குறைந்த விகிதம் கட்டுகிறார். குறைவாகக் கட்டுவதால் நாளை ஓய்வூதியமும் குறையும் என்பது நியாயமான பதில்தான். ஆனால் மாதம் 17,000க்கு மேல் கையில் வாங்குபவர் அந்த மிச்சத்தில் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடலாம். அதற்கு 8.5 சதவீத வரி என்று மேலே பார்த்தோம்.

ஊழியராகவே இருந்தாலும் மேல்தட்டுக்கு ஒரு கூரை உண்டு. ஆண்டுச் சம்பளம் அந்தக் கூரையை (2025இல் 2,60,190 ஸ்லாட்டி) தாண்டினால் ஓய்வூதிய, ஊனக் காப்பீட்டுப் பிடித்தங்கள் நின்றுவிடும்.

வீட்டுக்கு வீடு எடுக்கும் கணக்கெடுப்புகளில் போலந்து நடுத்தர ஏற்றத்தாழ்வு நாடாகத் தெரிவதற்குக் காரணம், பணக்காரர்கள் அந்தக் கணக்கெடுப்புக்குப் பதில் சொல்வதில்லை. வருமான வரிப் பதிவுகளையும் சேர்த்துச் செய்த ஆய்வில் படம் மாறுகிறது. 1989இல் நாட்டின் வருமானத்தில் மேல் 10 சதவீதத்தினரின் பங்கு 23 சதவீதம். 2015இல் அது 35. மேல் 1 சதவீதத்தினரின் பங்கு 4இலிருந்து 13 வரை ஏறியது. கீழே இருந்த பாதிப் பேரின் வருமானமும் ஏறியது, அதையும் சொல்ல வேண்டும். வளர்ச்சி அவர்களைத் தொடவே இல்லை என்பது தவறு. மேலே இருப்பவர்களுக்கு அது பல மடங்கு வேகத்தில் போனது.

வெளிநாட்டு நிறுவனங்களின் லாபம் வெளியே போகிறது என்ற குற்றச்சாட்டு அடிக்கடி வரும். 2010 முதல் 2016 வரை ஒன்றியத்திலிருந்து போலந்துக்கு நிகரமாக வந்தது ஆண்டுக்கு ஜிடிபியில் 2.7 சதவீதம், லாபமாகவும் சொத்து வருமானமாகவும் வெளியே போனது 4.7 சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு. இரண்டையும் கழித்து ‘போலந்துதான் ஜெர்மனிக்குக் கொடுக்கிறது’ என்று முடிவுகட்டுவது சரியில்லை. ஆலை வந்ததால் வந்த சம்பளமும் தொழில்நுட்பமும் அந்தக் கழித்தலில் இல்லை. ஆனால் ஒரு காட்சி மட்டும் மனதில் நிற்கிறது. அமேசானின் பெரிய கிடங்குகள் 2014இலேயே போஸ்னான், வ்ரோஸ்வாஃப் அருகே திறந்தன. போலந்து வாடிக்கையாளர்களுக்கான அதன் தளம் 2021 மார்ச்சில்தான் வந்தது. ஆறு வருடத்துக்கு மேல் அங்கே கட்டிய பெட்டிகள் பெரும்பாலும் ஜெர்மன் வீடுகளுக்குத்தான் போயின.

வேலையின்மை குறைந்ததையும் கட்டுரை சாதனையாகச் சொல்கிறது. 2002, 2003இல் 20 சதவீதத்தைத் தொட்டது 2008 முடிவில் 9.5 ஆனது. இதில் ஒரு பகுதி ஆலைகள் செய்தது. இன்னொரு பகுதி விமான டிக்கெட் செய்தது. 2004 மே 1 அன்று பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் கதவைத் திறந்தன. 2007 முடிவில் 22 லட்சத்துக்கும் அதிகமான போலந்துக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். தாத்தா பாட்டியிடம் விடப்பட்ட குழந்தைகளுக்கு ‘யூரோ அனாதைகள்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. கேரளத்தையும் யாழ்ப்பாணத்தையும் அறிந்த நம் வாசகர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஊர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வார்சா வட்டாரத்தின் தலா உற்பத்தி ஒன்றியச் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு. கிழக்கே லூப்ளின் மாகாணத்தில் அதே சராசரியில் பாதியை ஒட்டி. நெடுஞ்சாலை வந்தது, கிராமத்துப் பஸ் நின்றது. அங்கே பஸ் நிறுத்தக் கால அட்டவணையில் நேரத்தின் பக்கத்தில் ‘எஸ்’ என்று ஒரு எழுத்து இருக்கும். பள்ளி நடக்கும் நாளில் மட்டும் ஓடும் என்று அர்த்தம். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி இல்லை, பஸ்ஸும் இல்லை. கார் ஓட்டத் தெரியாத முதியவர் மருத்துவரிடம் போவது பேரப்பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியைப் பொறுத்தது. 2019இல் இதற்கெனத் தனி நிதி ஒன்று அமைத்தார்கள். நிறுத்திய தடங்களில் கொஞ்சம் திரும்பி ஓடுகின்றன.

பங்கீட்டில் தெளிவாக வேலை செய்த ஒன்று உண்டென்றால் அது குழந்தைத் தொகை. 2016 ஏப்ரல் முதல் இரண்டாவது குழந்தையிலிருந்து மாதம் 500 ஸ்லாட்டி, 2019 ஜூலை முதல் எல்லாக் குழந்தைக்கும். நேராக வங்கிக் கணக்குக்கு. கடும் வறுமை 2015இல் 6.5 சதவீதம், 2017இல் 4.3. பிறகு 2022, 2023இல் இரண்டு இலக்கப் பணவீக்கம் வந்தபோது 500 அப்படியே நின்றது. 2023இல் கடும் வறுமை மறுபடி 6.6ஐத் தொட்டது. 2024 ஜனவரியில் தொகை 800 ஆனது, வறுமையும் இறங்கியது. விலைவாசியோடு சேர்த்துக் கட்டாத உதவித்தொகை தானாகவே கரைந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

கடைசியாக, நம் ஊருக்கு நேராகத் தொடர்புள்ள விஷயம். போலந்துக்காரர்கள் விட்டுப்போன வேலைகளுக்கு 2014க்குப் பின் உக்ரைனியர்கள் வந்தார்கள். இப்போது இந்தியர்களும் போகிறார்கள். ‘போலந்தில் வேலை, ஐரோப்பியச் சம்பளம்’ என்ற விளம்பரங்களைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. கிடங்கு, இறைச்சி பதனிடுதல், உணவு டெலிவரி ஆகியவைதான் அவற்றில் அதிகம். போகிறவர்கள் சம்பளத் தொகையைக் கேட்கிறார்கள், ஒப்பந்தத்தின் வகையைக் கேட்பதில்லை. இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

‘உமோவா ஓ பிராட்ஸெ’ என்பது முழு வேலை ஒப்பந்தம். சம்பளத்தோடு விடுப்பு, கூடுதல் நேர ஊதியம், நீக்கும் முன் அறிவிப்பு எல்லாம் அதில் உண்டு. ‘உமோவா ஸ்லெட்ஸேனியா’ என்பது பணி ஒப்படைப்பு. மணிக்குக் குறைந்தது 30.50 ஸ்லாட்டி (2025) தர வேண்டும். ஆனால் சம்பளத்தோடு விடுப்பு இல்லை, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் விகிதம் இல்லை, நோய்க் காப்பீடு நாமாகக் கேட்டால்தான். ‘குப்பை ஒப்பந்தம்’ என்று போலந்துக்காரர்களே சொல்வது இதைத்தான். டெலிவரியில் மூன்றாவதாக ஒரு வித்தை நடக்கிறது. ஆப் நிறுவனத்துக்கும் ஓட்டுநருக்கும் நடுவே ஓர் இடைத்தரகு நிறுவனம் இருக்கும். அது சிறு தொகைக்கு ஒரு பணி ஒப்படைப்பும், மீதித் தொகைக்கு ஓட்டுநரின் சைக்கிளையோ ஸ்கூட்டரையோ ‘வாடகைக்கு எடுத்ததாக’ ஓர் ஒப்பந்தமும் போடும். வாடகைக்குச் சமூகக் காப்பீடு கிடையாது. வாரா வாரம் கைக்குச் சற்றுக் கூடுதலாக வரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது குறைந்தபட்சச் சம்பளமாவது வாங்கியதைக் காட்ட வேண்டும். வாடகைச் சீட்டைக் காட்டி அதைக் காட்ட முடியாது.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. வேலை அனுமதித் தாளில் முதலாளியின் பெயர், வேலை, குறைந்தபட்ச ஊதியம், ஒப்பந்த வகை நான்கும் எழுதியிருக்கும். கையெழுத்திடும் ஒப்பந்தம் அதோடு பொருந்த வேண்டும். வேறு முதலாளியிடம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வேலை செய்தால் அது சட்டவிரோத வேலை. தனக்குப் புரியும் மொழியில் ஒப்பந்தப் பிரதி கேட்பது தொழிலாளியின் உரிமை. ஏஜென்சி வழியாகப் போனால் அதன் பதிவு எண்ணை ‘க்ராஸ்’ என்ற அரசுப் பதிவேட்டில் இணையத்திலேயே சரிபார்க்கலாம். இந்தியப் பக்கத்தில், பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் ‘பெசெல்’ என்ற அடையாள எண் வாங்கி, ‘ஸூஸ்’ எனப்படும் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தின் இணையக் கணக்கைத் திறக்க வேண்டும். வேலை தொடங்கிய ஏழு நாளுக்குள் முதலாளி பெயரைப் பதிந்திருக்க வேண்டும். எட்டாம் நாள் பெயர் இல்லையென்றால் தேசியத் தொழிலாளர் ஆய்வுத் துறையில் புகார் செய்யலாம். ஒப்பந்தத்தின் தலைப்பு என்னவாக இருந்தாலும், குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் மேலாளர் சொற்படி செய்யும் வேலை முழு வேலைதான் என்று அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. அதை வைத்துத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

வெளிநாட்டு வேலை விளம்பரங்கள் வரும் பக்கத்தில் மேலே சொன்ன விவரங்களைத் தாங்கள் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், கிளம்பத் தயாராக இருக்கும் பல குடும்பங்களுக்கு உடனே பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்